கணக்கில் வராத ஏழு சதவீதம்

மணவாளக்குறிச்சிக் கடல்மணலைப் பகுத்துப் பார்ப்பதிலேயே என் உத்தியோகக் காலம் கழிந்தது. இல்மனைட் இவ்வளவு, கார்னெட் இவ்வளவு, மோனசைட் இவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்து கடைசியில் கூட்டினால் 100க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 99.4 என்றால் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். 93 வந்தால்?

ஜெர்மனியில் சாக்சனி நாட்டு ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியர் கிளெமென்ஸ் விங்க்லருக்கு அப்படித்தான் வந்தது. 1885இல் ஊருக்குப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் புதுமாதிரி வெள்ளித் தாது கிடைத்தது. கனிமவியல் பேராசிரியர் வைஸ்பாக் அதற்கு ஆர்ஜிரோடைட் என்று பெயர் வைத்து, பகுத்துச் சொல்லும்படி விங்க்லரிடம் கொடுத்தார். வெள்ளியும் கந்தகமும் முக்கால்வாசிக்கு மேல் இருந்தன. கொஞ்சம் இரும்பு, துத்தநாகம், பாதரசம். எத்தனை தடவை செய்தாலும் கூட்டுத்தொகையில் ஏழு சதவீதம் குறைந்தது. தராசின் மேல் பழிபோட்டுக் கோப்பை மூடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விங்க்லர் மாதக்கணக்கில் விடாமல் மல்லுக்கட்டி, 1886 பிப்ரவரி 6ஆம் தேதி அந்த ஏழு சதவீதத்தைத் தனியே பிரித்தெடுத்தார். அதுதான் ஜெர்மேனியம். இப்படியொரு தனிமம் இருந்தாக வேண்டும் என்று ஆவர்த்தன அட்டவணையை வகுத்த மெண்டெலேயெவ் 1871இலேயே எழுதிவைத்திருந்தார். இன்று கண்ணாடி இழைக் கேபிளுக்கும் இரவில் பார்க்கும் கருவிகளுக்கும் அது வேண்டும். 2023இல் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் பல நாடுகள் கையைப் பிசைந்தன. அதே ஆண்டு இந்தியா வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் ஜெர்மேனியமும் உண்டு, இண்டியமும் உண்டு. இரண்டையும் கண்டுபிடித்தது ஒரே கல்லூரி.

ஃப்ரைபெர்க்கில் வெள்ளி அகப்பட்டது 1168இல். வெள்ளி எடுக்க மரம் வேண்டும்: சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க, பாறையைச் சூடாக்கிப் பிளக்க, உருக்காலைக்குக் கரி சுட. தாது தீருவதற்கு முன்னால் காடு தீர்ந்துவிடும் போலிருந்தது. சுரங்க நிர்வாகத்தின் தலைமை அதிகாரி கார்லோவிட்ஸ், வளர்கிற அளவுக்கு மேல் மரத்தை வெட்டாதே என்று 1713இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். காட்டின் மேல் காதலால் எழுதியதல்ல. விறகில்லாவிட்டால் அரசனுக்கு வெள்ளி இல்லை என்ற கவலை. எனக்கு அந்தக் கவலைமேல்தான் நம்பிக்கை அதிகம்.

பிறகு ஐரோப்பாவில் மூண்ட ஏழாண்டுப் போரில் சாக்சனி ஓட்டாண்டியானது. கடனை அடைக்கச் சுரங்கத்தை விட்டால் வழியில்லை. அதை நடத்தப் படித்த ஆள் வேண்டும். ஹெய்னிட்ஸ், ஒப்பெல் என்ற இரண்டு அதிகாரிகளின் முயற்சியில் 1765இல் கல்லூரி பிறந்தது. பத்தாண்டு கழித்து ஆசிரியராக வந்த வெர்னர் அதன் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனார். 1791இல் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் அவரிடம் படிக்க வந்தார். காலையில் சுரங்கத்துக்குள், பிற்பகலில் வகுப்பில். படித்து முடித்துச் சுரங்க அதிகாரியான பிறகு, ஸ்டேபன் என்ற சிற்றூரில் தொழிலாளிகளுக்குத் தன் கைக்காசில் இலவசப் பள்ளி தொடங்கினார். இங்கேயோ, எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சி என்று வந்த ஒரு கல்லூரிப் பிள்ளைகள் மணலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பினார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

இண்டியத்தின் கதை இன்னும் ருசியானது. ஃபெர்டினாண்ட் ரைக் அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். பூமி சுழல்வதைக் காட்ட 1831இல் 158 மீட்டர் ஆழச் சுரங்கக் குழிக்குள் குண்டுகளைப் போட்டுப் பார்த்த மனிதர். 1863இல் உள்ளூர்த் துத்தநாகத் தாதுவில் தாலியம் இருக்கிறதா என்று தேடினார். தாதுவைச் சுடரில் காட்டி நிறமாலையில் கோடு பார்க்க வேண்டும். அவருக்கோ நிறம் தெரியாது. உதவிக்கு ரிக்டர் என்ற வேதியியலாளரைக் கூப்பிட்டார். தாலியத்துக்குப் பச்சைக் கோடு வர வேண்டும். ரிக்டர் பார்த்ததோ யாரும் அதுவரை குறித்துவைக்காத கருநீலக் கோடு. தேடியவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர். பிற்பாடு கண்டுபிடித்த பெயரை ரிக்டர் தனக்கே எடுத்துக்கொள்ளப் பார்த்ததில் ரைக்குக்கு மனக்கசப்பு. இப்போது நம் கைபேசித் திரை விரல் பட்டதும் வேலை செய்வது அந்த இண்டியம் கலந்த மெல்லிய பூச்சால்தான்.

இந்தப் பெருமைக்கு நடுவே புகையை மறக்கக் கூடாது. உருக்காலைகள் கக்கிய கந்தகப் புகையில் சுற்றுவட்டாரப் பயிரும் மாடும் நாசமாயின. விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிவந்தது. அந்தப் புகையைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கினால் காசும் ஆகும், ஊரும் பிழைக்கும் என்று உழைத்தவரும் விங்க்லர்தான். 1875இல் அதற்கான முறையை வெளியிட்டார். இருந்தும் 1889இல் பக்கத்து ஹால்ஸ்ப்ரூக்கேயில் 140 மீட்டர் உயரத்துக்குப் புகைபோக்கி எழுப்பினார்கள். அன்றைக்கு உலகத்திலேயே உயரமானது என்று பெயர். நம் ஊர்ப் புகையை அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கும் வேலை அது. ஆராய்ச்சி கையில் இருந்தும் செலவு குறைந்த வழிக்கே ஆலைகள் போகும் என்பதற்குச் சாட்சியாக அந்தக் கோபுரம் இன்னும் அங்கே நிற்கிறது.

1969இல் ஃப்ரைபெர்க்கில் தாது எடுப்பது நின்றது. ரைஹெ செஹெ என்ற பழைய சுரங்கம் மட்டும் இப்போது பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கல்லூரியின் பாடசாலையாகத் தொடர்கிறது; மாணவர்கள் உள்ளே இறங்கித்தான் அளவை பழகுகிறார்கள், பாறைக்குத் துளையிடப் பழகுகிறார்கள். பாறையை வெட்டி மேலே கொண்டுவராமல், பாக்டீரியாக்கள் கலந்த நீரை உள்ளேயே பாய்ச்சி உலோகத்தைக் கரைத்தெடுக்கும் சோதனைகளும் அங்கே நடந்திருக்கின்றன. அவர்கள் தேடும் உலோகங்களில் இண்டியமும் ஜெர்மேனியமும் சேர்த்தி. இரண்டுமே அந்தப் பழைய துத்தநாகத் தாதுவுக்குள் இருக்கின்றன, மிகச் சிறிய அளவில். அவ்வளவு சொற்பத்தைக் கட்டுப்படியாகும் செலவில் பிரிக்க முடியுமா என்பதுதான் இப்போது அங்கே படிப்பவர்களுக்குக் கேள்வித்தாள்.