இரவல் விளக்கு

கதிரவன் படைக்கப்பட்டது நான்காம் நாள் என்கிறது ஆதியாகமம். அதற்கு முன்னரே முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். மாலையும் வந்ததாம், காலையும் வந்ததாம்! ஞாயிறு இல்லாமல் காலை ஏது? திங்களும் விண்மீனும் இல்லாமல் இரவு ஏது? அறிவுள்ள எவர் இதை எழுத்துக்கு எழுத்து நம்புவார்?

இப்படிக் கேட்டவர் நாத்திகரல்லர், தோழர்களே! கிறிஸ்துவத்தின் பொருட்டுத் தலை வெட்டுண்ட தந்தையின் மைந்தர்; தாமும் அச்சமயத்தின் பேராசிரியராய் அலெக்சாண்டிரியாவில் விளங்கியவர்; ஆரிஜன் என்பது பெயர். 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ‘முதற் கோட்பாடுகள்’ என்ற தம் நூலிலே எழுப்பினார் இவ்வினாவை.

இத்துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? வேதத்திலிருந்தா? அன்று, கிரேக்கத்திலிருந்து!

ஹோமரின் காவியங்களிலே தேவர்கள் பொய் சொல்கின்றனர், பிறன்மனை நயக்கின்றனர், ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கின்றனர். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே செனோபனீஸ் இதனை எள்ளி நகையாடினார். மனிதன் தன் சாயலில் தெய்வங்களைச் செய்துகொண்டான் என்றார். பிளேட்டோவோ, தம் இலட்சிய நாட்டில் அக்கதைகளுக்கு இடமே இல்லை என்றார். பதறினர் ஹோமரின் அன்பர்கள்! வழியும் கண்டனர். தேவர்களின் போர் போரன்று, நெருப்பும் நீரும் மோதுவதன் குறிப்பு. கதை வெறும் தோல், உள்ளுறைப் பொருளே சுளை, என்றனர். ஸ்டோயிக் அறிஞர் இதனை ஒரு கலையாகவே வளர்த்தனர். கதையைக் கைவிட மனமில்லை. நம்பவோ அறிவு இடந்தரவில்லை. இரண்டுக்கும் நடுவே கட்டிய பாலம் அது.

எபிரேய மறை கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் அலெக்சாண்டிரியாவில் கிரேக்க மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. அந்நகர யூதரான பைலோ, கி.பி. முதல் நூற்றாண்டில், ஒரு கையில் மோசேயும் மறு கையில் பிளேட்டோவுமாக அதனைப் படித்தார். ஆறு நாளில் படைப்பா? ஆண்டவனுக்கு நாட்கணக்கு எதற்கு? ஆறு என்பது ஒழுங்கைக் குறிக்கும் எண், என்றார். ‘லோகாஸ்’ எனும் கிரேக்கச் சொல்லையும் எடுத்தாண்டார். பேச்சு, கணக்கு, காரணம், உலகை இயக்கும் அறிவு என்றெல்லாம் விரிவது அச்சொல். யோவானின் நற்செய்தி அச்சொல்லோடுதான் தொடங்குகிறது. தமிழ் விவிலியம் அதனை ‘வார்த்தை’ என்றும் ‘வாக்கு’ என்றும் பெயர்த்தது. அறிவு என்ற பாதி அந்தப் பெயர்ப்பில் மறைந்தது!

இவ்வழி வந்தவரே ஆரிஜன். மனிதனுக்கு உடல், உள்ளம், ஆவி இருப்பதுபோல மறைக்கும் மூன்று பொருள் உண்டு என்றார். நடக்கவே முடியாதவை வேதத்தில் சொல்லப்பட்டிருப்பதேன்? அவை வேண்டுமென்றே வைக்கப்பட்ட இடறுகற்கள். படிப்போன் அங்கே நின்று ஆழ்ந்த பொருளைத் தேடட்டும் என்பதற்காக, என்றார். இங்கேதான் நமக்கும் அவருக்கும் பிணக்கு. இடறியபின் கல்லை ஆராயவில்லை அவர். கல்லுக்கடியில் புதையல் தேடினார். கேள்வி நம்முடையது, விடை நம்முடையதன்று.

ஆயினும் அவரது நேர்மையைக் குறைத்துப் பேச நா எழவில்லை. எபிரேய மூலத்தையும் கிரேக்கப் பெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அருகருகே எழுதவைத்து ஒப்புநோக்கியவர் அவர். கிறிஸ்துவத்தைச் சாடிச் செல்சஸ் எழுதிய நூலுக்கு 8 புத்தகங்களில் மறுப்புத் தந்தபோது, எதிரியின் வாதங்களை எடுத்துக்காட்டி எடுத்துக்காட்டியே விடையிறுத்தார். செல்சஸின் நூல் அழிந்தது. அதில் இருந்தது இன்னதென உலகம் இன்று அறிவது, பெரும்பாலும் ஆரிஜனின் மறுப்பால்தான்!

கிரேக்கர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தனரா? கிறிஸ்துவத்தின் பெரும்பகைவர் போர்பிரி சீறினார்: கிரேக்கரிடம் கற்ற முறையை யூத மறைக்கு ஒட்டுப்போடப் பயன்படுத்துகிறார் ஆரிஜன், என்று. கூர்மையான கண்டனந்தான். ஆனால் ஹோமர் பாடிய ஒரு குகைக்கு உள்ளுறை கண்டு தனி நூலே எழுதியவர் இந்தப் போர்பிரி! கிறிஸ்துவத்துக்கு எதிராக அவர் எழுதியவற்றை நெருப்பிலிட 448இல் பேரரசின் ஆணை பிறந்தது.

எதிரிக்கு நேர்ந்தது இது. ஆரிஜனுக்கு? டெசியஸ் மன்னன் காலத்தில், 250இல், கிழப்பருவத்தில் சிறையும் சித்திரவதையும் தாங்கினார், சமயத்தை விடவில்லை, சில ஆண்டுகளில் மாண்டார். அவர் காத்த சமயம் பின்னர் அரியணை ஏறிற்று. ஜஸ்டினியன் ஆட்சியில், 529இல், ஏதென்சில் தத்துவம் கற்பிக்கத் தடை. 543இல் ஆரிஜனின் கருத்துகளைக் கண்டித்து அதே மன்னனின் ஆணை. 553இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம், அவர் இறந்து 300 ஆண்டுகள் கழித்து, அவர் பெயரைச் சபிக்கப்பட்டோர் வரிசையில் சேர்த்தது. விளக்கை இரவல் வாங்கினர். தந்தவன் வீட்டை அடைத்தனர். ஏந்தி வந்தவனையும் தள்ளிவைத்தனர்!

‘முதற் கோட்பாடுகள்’ நூலின் கிரேக்க மூலம் பெரும்பகுதி மறைந்தது. நமக்குக் கிடைப்பது ரூபினஸ் செய்த இலத்தீன் பெயர்ப்பு. ஐயத்துக்குரிய இடங்களைத் தாம் சீர்படுத்தியதாக அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். கதிரவனற்ற காலையைப் பற்றிய அந்தக் கேள்வியோ கிரேக்க மொழியிலேயே தப்பிற்று. ஆரிஜனின் எழுத்துகளிலிருந்து 4ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘பிலோகாலியா’ என்ற திரட்டில் அதனை இன்றும் படிக்கலாம்.