நானோ
'குள்ளன்' என்று பொருள்படும் 'நானோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்து, 1960-ஆம் ஆண்டில் சர்வதேச அலகு முறையிலே நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக அங்கீகாரம் பெற்ற இச்சொல், இன்று 1 முதல் 100 நானோமீட்டர் வரை விட்டமுள்ள உலோகத் துகள்களுக்கு விசேஷணமாக வழங்குகின்றது. அத்தகைய தங்கத் துகள்களை டி.என்.ஏ.வை அறியும் மின்வேதி உணரியின் மின்முனைமேல் படியச் செய்தால், அதன் மேற்பரப்பு விஸ்தாரமடைவதோடு, கந்தகத்தின்பால் தங்கத்துக்குள்ள நாட்டத்தால், கந்தக நுனி பெற்ற ஒற்றையிழை டி.என்.ஏ. அங்கே உறுதியாய்ப் பற்றிக்கொள்கின்றது; பரிசோதனைத் திரவத்திலே அதற்கு நிரப்பாய் அமைந்த இழை இருந்து, இரண்டும் பிணையுமாயின், அதனால் மின்னோட்டத்தில் விளையும் மாறுதலே அவ்விழையின் இருப்புக்குச் சாட்சியாகின்றது. வெள்ளித் துகள்களும் இவ்வாறு பிரயோகமாவதுண்டு. 'நானோ' என்பதைத் தமிழில் 'மீநுண்' என்பாரும் உளர். ஆயினும், அளவைச் சுட்டுமிடத்து 'நானோ' என்றே எழுதுதல் தகும்.