மீன் தொட்டியில் பாசி படருதா? மருந்தைத் தேடாதீங்க... செடிக்குச் சாப்பாடு போடுங்க!

ரீல்ஸில் பார்த்த பச்சைப்பசேல் தொட்டி மாதிரியே நம் வீட்டிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, செடி, மண், எல்.இ.டி லைட் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. முதல் இரண்டு வாரம் கண்ணுக்குக் குளிர்ச்சி. மூன்றாவது வாரம் கண்ணாடியில் பழுப்புப் படலம். அப்புறம் இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடி. ஒரு மாதம் போனால் செடி எது, பாசி எது என்றே தெரியவில்லை. 'செடித் தொட்டி நமக்கு செட் ஆகாதுப்பா' என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

கடையில் கேட்டால் பாசி கொல்லும் மருந்து ஒரு பாட்டில் தருவார்கள். ஊற்றினால் பாசி போகும். காரணம் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் திரும்பியும் வரும். சில மருந்துகளில் காப்பர் இருக்கிறது. அது இறாலையும் நத்தையையும் சேர்த்தே கொன்றுவிடும். பாசி என்பது நோய் இல்லை, அறிகுறி. செடி நன்றாக வளரவில்லை என்பதற்கான அறிகுறி. அதனால் வைத்தியம் செடிக்குத்தான் தேவை.

பாசி ஏன் வருது?

செடி வளர மூன்று விஷயங்கள் வேண்டும்: வெளிச்சம், கார்பன் டை ஆக்ஸைடு, சத்துகள். இதில் எது குறைவோ, அதுதான் வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கும். விவசாயத்துக்காக ஜெர்மன் விஞ்ஞானி லீபிக் 19-ம் நூற்றாண்டில் பரப்பிய இந்த விதி, உங்கள் இரண்டடித் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

வெளிச்சம் கூடக்கூட செடிக்குப் பசியும் கூடும். அந்த நேரத்தில் சாப்பாடு கிடைக்காவிட்டால், இலை பலவீனமாகி அழுக ஆரம்பிக்கும். அதிலிருந்து கசியும் கழிவுதான் பாசிக்கு விருந்து. பாசி முதலில் பிடிப்பது பழைய, ஓட்டை விழுந்த இலைகளைத்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

உரம் போட்டா பாசி வரும்... உண்மையா?

ஒருகாலத்தில் எல்லோரும் இப்படித்தான் நம்பினார்கள். 1996-ல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், 'தண்ணீரில் பாஸ்பேட்டைக் குறைத்தால் பாசி அடங்கும்' என்று எழுதியது, உலகம் முழுக்க செடித் தொட்டிக்காரர்களிடம் பரவியது. பின்னர் அமெரிக்காவின் டாம் பார், செடிகள் நிறைந்த தொட்டிகளில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வேண்டுமென்றே தாராளமாகப் போட்டுப் பார்த்தார். பாசி வரவில்லை, செடிதான் செழித்தது. அவர் வகுத்த முறைக்கு 'எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்' என்று பெயர். தேவைக்குச் சற்று அதிகமாகவே உரம் போடு, வாரம் ஒருமுறை 50 சதவிகிதத் தண்ணீரை மாற்றி மிச்சத்தை வெளியேற்று. அவ்வளவுதான்.

லாஜிக் எளிது. பாசி உயிர்வாழ மிக மிகக் கொஞ்சம் சத்து போதும். அதைப் பட்டினி போடப் பார்த்தால், முதலில் பட்டினி கிடப்பது செடிதான்.

ஒரே விதிவிலக்கு, அம்மோனியா. மீனுக்கும் அது விஷம், பாசிக்கும் அது கொண்டாட்டம். மிஞ்சிய தீவனம், செத்த மீன், அழுகிய இலை ஆகியவற்றை உடனே எடுத்துவிட வேண்டியது இதனால்தான்.

முதல்ல லைட்டைக் குறைங்க

காசே செலவில்லாத வைத்தியம் இது. புதுத் தொட்டிக்கு ஒரு நாளில் 6 மணி நேர வெளிச்சம் போதும். செடிகள் வேர்பிடித்த பிறகு மெதுவாக 8 மணி நேரம் வரை கூட்டலாம். ஞாபகம் இருக்கும்போது போட்டு, மறந்தபோது விடுவது கூடாது. சாதாரண டைமர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

உரக்கடையிலேயே கிடைக்குது!

மீன் கழிவிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓரளவு கிடைத்துவிடும். பொட்டாசியம் போதிய அளவு கிடைக்காது. மீன்கள் குறைவாக, செடிகள் அதிகமாக இருந்தால் மூன்றுமே பற்றாது.

அக்வேரியக் கடையில் விற்கும் திரவ உரத்தைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்காக நம் ஊர் உரக்கடைகளில் விற்கும் இரண்டு உப்புகளே போதும்:

- 13-0-45 என்று அச்சிட்டிருக்கும் பொட்டாசியம் நைட்ரேட்
- 0-52-34 என்று அச்சிட்டிருக்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்

அரை லிட்டர் தண்ணீரில் முதலாவதை 25 கிராம், இரண்டாவதை 2.5 கிராம் போட்டுக் கலக்கி வையுங்கள். இதில் 10 மி.லி எடுத்து 50 லிட்டர் தண்ணீருள்ள தொட்டியில் ஊற்றினால், நைட்ரேட் சுமார் 6 பி.பி.எம், பாஸ்பேட் சுமார் 0.7 பி.பி.எம் கூடும். கார்பன் டை ஆக்ஸைடு விடாத தொட்டிக்கு வாரம் ஒருமுறை போதும். விடும் தொட்டிக்கு வாரம் மூன்றுமுறை. எடைபோட நகைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். 'கண் மதிப்பு' இங்கே வேண்டாம்.

இரும்பு, மாங்கனீஸ் போன்ற நுண்சத்துகளை மட்டும் அக்வேரியத்துக்கென விற்பதையே வாங்குங்கள். பயிர்களுக்கான நுண்சத்துக் கலவைகளில் காப்பர் அதிகம் இருக்கலாம். பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்தால் படிந்துவிடும் என்பதால், இரண்டையும் வேறு வேறு நாளில் ஊற்றுங்கள்.

எச்சரிக்கை: யூரியா, டி.ஏ.பி, 19-19-19 மூன்றையும் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இவற்றிலிருந்து அம்மோனியா உருவாகும். ஒரே ராத்திரியில் மீன்கள் மிதக்கலாம்.

இலை சொல்லும் சேதி

- பழைய இலைகள் மொத்தமாக மஞ்சளாகின்றன: நைட்ரஜன் பற்றவில்லை.
- பழைய இலைகளில் குண்டூசி ஓட்டைகள்: பொட்டாசியம் பற்றவில்லை.
- புதுத் தளிர் வெளிறிப்போய் வருகிறது: இரும்பு பற்றவில்லை.

பாதிக்கப்பட்ட இலை பழையபடி ஆகாது. வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக வரும் இலையைப் பாருங்கள். அதுதான் ரிசல்ட்.

கார்பன் டை ஆக்ஸைடு கட்டாயமா?

இல்லை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா போன்றவை மிதமான வெளிச்சத்தில், கேஸ் இல்லாமலே வளரும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இவற்றிலேயே கை பழகுவது நல்லது. சிவப்புச் செடிகள் தகதகக்க வேண்டும், தரையெல்லாம் புல்வெளி மாதிரிப் படர வேண்டும் என்றால்தான் சிலிண்டர் பற்றி யோசிக்க வேண்டும்.

கேஸ் விடுபவர்களின் இலக்கு சுமார் 30 பி.பி.எம். தொட்டிக்குள் மாட்டும் டிராப் செக்கர் பச்சையாக இருந்தால் சரி, நீலமாக இருந்தால் குறைவு, மஞ்சளாக இருந்தால் ஆபத்து. லைட் அணையும்போது கேஸும் நிற்க வேண்டும். இரவில் செடிகளும் ஆக்ஸிஜனைத்தான் இழுக்கும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே தங்கும் என்பதால், நம் ஊர் மே மாதத்தில் கூடுதல் கவனம் தேவை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், உடனே ஏர் பம்ப்பைப் போடுங்கள்.

எந்தப் பாசிக்கு என்ன வைத்தியம்?

- பழுப்புப் படலம்: புதுத் தொட்டியில் சகஜம். துடைத்துவிடுங்கள், சில வாரங்களில் தானே அடங்கும்.
- கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள்: பெரும்பாலும் பாஸ்பேட் குறைவு, வெளிச்சம் அதிகம்.
- பச்சை நூல்: டூத் பிரஷ்ஷில் சுற்றி இழுங்கள். லைட் நேரத்தைக் குறையுங்கள்.
- கறுப்புத் தாடி: இது சிவப்புப் பாசி இனம். கேஸ் அளவு ஏறி இறங்குவதும், அழுக்கு சேர்வதும் முக்கியக் காரணங்கள். ஃபில்டரை நிறுத்திவிட்டு, 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்ஸைடை சிரிஞ்சில் எடுத்து நேராகப் பாசி மேல் விடுங்கள். 10 லிட்டருக்கு 3 மி.லி-யைத் தாண்ட வேண்டாம். கால் மணி நேரம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவிகிதம். லேபிளைப் பார்த்து, சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.
- நாற்றமடிக்கும் நீலப்பச்சைப் போர்வை: இது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குங்கள். பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரேட் பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.
- தண்ணீரே பச்சையாகிவிட்டது: அதே இருட்டு வைத்தியம், அல்லது யு.வி ஃபில்டர்.

'டேங்க் கிளீனர்' வேண்டாமே!

'பாசியைச் சாப்பிடும் சார்' என்று விரல் நீள சக்கர் மீனைத் தருவார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். வளர வளர பாசியைவிட மீன் தீவனத்தையே தேடும், செடிகளைப் பிடுங்கிப்போடும். வைத்துக்கொள்ள முடியாமல் மக்கள் ஏரி, குளத்தில் விட்டதன் விளைவு, இன்று சென்னையின் நீர்நிலைகள் வரை தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் பெருகிக் கிடக்கிறது.

பாசி தின்ன ஆள் வேண்டும் என்றால் அமானோ இறால், நெரைட் நத்தை, ஓட்டோ மீன் என்று தேர்ந்தெடுங்கள். ஜப்பானிய புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ தன் தொட்டிகளில் விட்டுப் பிரபலமாக்கியதால்தான் அந்த இறாலுக்கு அவர் பெயர். 1954-ல் பிறந்து 2015-ல் மறைந்த அவர்தான், செடித் தொட்டியை ஒரு கலையாக உலகத்துக்குக் காட்டியவர்.

வெட்டிய செடிகளுக்கும் இதே கதைதான். 2020-ல் கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுக்க ரோஸ் பூ பூத்து, செல்ஃபி எடுக்கக் கூட்டம் அலைமோதியது. அது கபோம்பா. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த தொட்டிச் செடிதான். பார்க்க அழகு, ஆனால் உள்ளூர்ச் செடிகளை அமுக்கி நீரோட்டத்தையே அடைத்துவிடும். அதனால் வெட்டிய துண்டுகளைக் காயவைத்து மாடித் தோட்டத்துக்கு உரமாக்குங்கள். வாய்க்காலில் வீசாதீர்கள்.

லைட், உரம், தண்ணீர் மாற்றுவது. இந்த மூன்றிலும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். எதையாவது மாற்றினால் இரண்டு, மூன்று வாரம் பொறுத்துத்தான் பலன் தெரியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. புது இலை ஓட்டையில்லாமல் விரிகிறதா? அப்படியென்றால் சரியான ரூட்டில்தான் போகிறீர்கள்!