பியட் உடம்பு, நிசான் எஞ்சின்

செம்பூருக்குப் பக்கத்தில் குர்லாவில்தான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை இருந்தது. பத்மினி டாக்சி அங்கே பிறந்தது எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் மாற்றமே ஒரு புதுக் காரான கதை தெரியுமோ?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-இல் பிரீமியர் தன் 118 என்.ஈ. காரை இறக்கியது. உடம்பு, 1966-இல் இத்தாலியில் வந்த பியட் 124 வழி. எஞ்சின், நிசானின் 1171 சி.சி. ஏ12. 'என்.ஈ.' என்றாலே நிசான் எஞ்சின்தாங்க!

எஞ்சினைத் தூக்கி வைத்தால் மட்டும் போதாது. மவுண்டிங், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒத்துப்போகணும். இந்தக் காரில் கியர்பாக்ஸும் நிசானுடையதே. பாதித் தலைவலி மிச்சம்! பழைய காருக்கு எஞ்சின் மாற்றும் நண்பர்களிடம் நானும் அதையே சொல்வேன்: கியர்பாக்ஸோடு ஜோடியாக வாங்குங்க, பிறகு ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நீளத்தைச் சரிபண்ணுங்க. குடும்பத்தோடு ஊர் மாறிய நமக்கு இது புரியாதா என்ன?