வெயிலில் நிறுத்தப்பட்டவர்களின் வைத்தியம்

தோழர்களே, வெயிலில் எரியும் தோலுக்கு என்ன தடவலாம் என்று கேட்டால் சந்தனம், மஞ்சள், கற்றாழை என்று பதில் வரும். ‘நம் முன்னோர் வைத்தியம்’ என்ற பெருமையும் கூடவே வரும். நாம் வேறு கேள்வியிலிருந்து தொடங்குவோம். அந்த முன்னோரில் வெயிலில் நின்றவர்கள் யார்? அவர்களை நிறுத்தியவர்கள் யார்?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தத் தடைகளை மறுபடி படியுங்கள். சட்டை, மேலாடை, குடை, செருப்பு எல்லாமே வெயிலுக்கும் உடம்புக்கும் நடுவே நிற்கும் பொருள்கள். தோலில் பூசும் மஞ்சளைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த உடம்புகளைச் சுட்டது சூரியன் மட்டுமல்ல.

சந்தனம் காசுள்ளவர் வீட்டுச் சரக்கு. சோற்றுக்கற்றாழை அப்படியல்ல. வேலியோரத்திலும் புறம்போக்கிலும் தானே முளைக்கும், யாரிடமும் கேட்காமல் ஒடிக்கலாம். மடலை நறுக்கி மஞ்சள் பாலை வடியவிட வேண்டும். அந்தப் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். பிறகு சோற்றைப் பலமுறை கழுவித் தடவ வேண்டும். பெரும்பகுதி நீர் என்பதால் எரிச்சல் தணியும். கொப்புளம் கண்டாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போவதே சரி.

மருத்துவ அறிவு நமக்கு இரவல் அல்ல. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். சாதியை எதிர்த்து எழுதியவரும் நோயாளியின் நாடி பிடித்தவரும் ஒருவரே.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நம் மக்கள் இன்றும் நண்பகல் வெயிலில்தான் நிற்கிறார்கள். கற்றாழை எரிச்சலைத் தணிக்கும், நிழல் தராது. நிழலையும் குடிநீரையும் நண்பகல் ஓய்வையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் பாட்டிகளிடம் மருந்தைக் கேட்டு எழுதும்போது, அவர்கள் எந்த வயலில், யாருக்காக, எத்தனை மணிவரை நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.