சீசன் டிக்கெட் படிப்பு

கல்லூரி திறந்த முதல் வாரம், சென்னைக் கல்லூரிகளின் அலுவலக ஜன்னல் முன்னால் ஒரு வரிசை நிற்கும். ஃபீஸ் கட்ட வந்தவர்கள் இல்லை. ரயில் சலுகைச் சீட்டில் முத்திரை வாங்க வந்தவர்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒரு கூட்டம். திருத்தணி, கடம்பத்தூர், திருவள்ளூர் என்று இன்னொரு கூட்டம். பெயர், வயது, வகுப்பு, ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் எல்லாம் எழுதி, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகுதான் அந்தத் தாளுக்கு சீசன் கவுண்டரில் மரியாதை. பொதுப் பிரிவு மாணவருக்கு சீசன் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் கால் பங்கு கட்டினால் போதும். பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை இரண்டாம் வகுப்பில் காசே கிடையாது. முத்திரை மங்கலாக விழுந்தால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, இங்க் பேடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தச் சொல்லிக் கேட்கிற சீனியர்களைப் பார்க்கலாம். நோட்டு, பேனா எல்லாம் அடுத்த வாரக் கவலை.

இந்த இரண்டு கூட்டமும் கிளம்பி வரும் திருவள்ளூர் மாவட்டத்தில் கல்லூரிப் படிப்பு தண்டவாளத்தோடு ஒட்டி வளர்ந்தது. வருடக் கணக்கைப் பார்த்தாலே தெரியும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று திறந்தது: ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கி.மீ. திருவள்ளூர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது அடுத்த வருடம், 1857 செப்டம்பர் 5. திருவள்ளூருக்குப் பல்கலைக்கழகத்தைவிட ஒரு வருடம் முன்னாலேயே ரயில் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. விஜயவாடா திசையிலிருந்து வந்த கிழக்குக் கடற்கரைப் பாதை சென்னையைத் தொட்டது 1899ல்.

ரயில் வந்தவுடன் எல்லோரும் ஏறிப் படிக்கப் போய்விடவில்லை. அந்தக் காலத்தில் பட்டணத்தில் படிப்பது என்றால் ஹாஸ்டலில் தங்கவேண்டும், அல்லது உறவினர் வீட்டுத் திண்ணையில் படுக்கவேண்டும். மாநிலக் கல்லூரியின் தொடக்கம் 1840, பச்சையப்பன் கல்லூரியின் தொடக்கம் 1842. இரண்டும் ரயிலுக்கு மூத்தவை. ஆனால் திருவள்ளூர்ப் பையன் காலையில் கிளம்பி, வகுப்பை முடித்து, ராத்திரிச் சோற்றுக்கு வீடு திரும்பும் பழக்கம் மெல்லத்தான் ஊன்றியது.

இந்த மண்ணில் பிறந்த மாணவர்களில் பேர்பெற்றவர் திருத்தணிக்காரர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பிறப்பு 1888 செப்டம்பர் 5. அவர் சீசன் டிக்கெட் மாணவர் இல்லை. திருத்தணி, திருப்பதி, வேலூர் என்று படித்துவிட்டுத்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். அதே கல்லூரியில் படித்து முடித்திருந்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் பாடப்புத்தகங்களைக் கொடுத்ததால்தான் தத்துவம் எடுத்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. புதுப் புத்தகம் வாங்க வசதி இருந்திருந்தால் அவர் எந்தப் பாடம் எடுத்திருப்பாரோ! (அவர் பிறந்த ஊரே இடையில் தமிழ்நாட்டுக் கணக்கில் நிலைக்கவில்லை. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவுக்குப் போய், 1960 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது.)

பழைய புத்தகம் கொடுக்க உறவினர் இல்லாத மாணவருக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1898ல் அடிக்கல் போட்டு 1900ல் திறந்த சிவப்புக் கட்டடம், சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டினாற்போல. வண்டியை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் பாதி விலைக்குப் பாடப்புத்தகம். முந்தைய மாணவர் அடிக்கோடிட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது, எது முக்கியம் என்று தெரிந்துவிடும். வருடக் கடைசியில் அதே கடையில் விற்றுவிட்டு ஊருக்கு வண்டி ஏறலாம். 1985 மே 30 அன்று, கல்லூரிகள் திறக்க இருந்த நேரத்தில், மார்க்கெட் தீயில் எரிந்துபோனது. புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். எரிந்த இடத்தில் எழுந்ததுதான் இன்றைய புறநகர் ரயில் முனையம். கும்மிடிப்பூண்டி வண்டியிலும் திருவள்ளூர் வண்டியிலும் வந்து இறங்குகிற மாணவர்கள் தினமும் கால் வைப்பது அந்தப் பழைய புத்தகக் கடைகள் இருந்த மண்ணில். பக்கத்தில் மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்று நிற்கிறது. அவசரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தினசரிப் பயணத்தை நிஜமாக மாற்றிய வருடம் 1979. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்பாதை போடப்பட்டது அந்த வருடம்தான். கரி இன்ஜின் இழுத்த பாசஞ்சரின் இடத்தில் ‘யூனிட்’ வந்தது. வட சென்னைக்காரர்கள் மின்சார வண்டியை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்குள் கல்லூரிகளும் பாதை ஓரமாக வர ஆரம்பித்திருந்தன. பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி 1965ல், பட்டாபிராமில் இந்துக் கல்லூரி 1969ல். இந்துக் கல்லூரிக்கென்று ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே தனி ஸ்டேஷனே உண்டு, பெயரும் ‘இந்துக் கல்லூரி’தான். கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி 1995ல் வந்த பிறகு, ஜி.என்.டி. சாலையில் கல்லூரி பஸ்கள் பெருகின. ரயிலுக்குப் போட்டி.

பொன்னேரி ஸ்டேஷனில் காலையில் நின்றால் இந்த வரலாறு இரண்டு பிளாட்பாரமாகப் பிரிந்து தெரியும். அப்பா வடக்கே போகிற வண்டிக்கு நிற்கிறார்: கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பாலை, முதல் ஷிப்ட். மகள் தெற்கே போகிற வண்டிக்கு: சென்ட்ரல், கல்லூரி, முதல் பீரியட். இப்போது செமஸ்டர் தொடக்கத்தில் அவளுக்குக் கூடுதலாக ஒரு வேலை, ‘புதுமைப் பெண்’ ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கான அந்தத் திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 5 அன்று. பல்கலைக்கழகம், ராதாகிருஷ்ணன், இது: மூன்றுக்கும் ஒரே தேதி.

ஒளிக்காமல் சொல்ல வேண்டிய பகுதியும் உண்டு. ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் வருடக்கணக்காகப் போகிறவர்களிடம் ‘ரூட்டு’ என்ற பற்று முளைத்தது. கானா, பெட்டிச் சுவரில் தாளம், டிரைவர் கண்டக்டருக்கு மாலை போட்டு நன்றி சொன்ன பஸ் டே எல்லாம் அதன் அழகான பக்கம். பிறகு ஒவ்வொரு ரூட்டுக்கும் தலைவனாக ‘ரூட்டு தல’ வந்தார், பட்டாக்கத்தி வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011ல் பஸ் டேவுக்குத் தடை போட்டது. 2019 ஜூன் 17, கல்லூரி திறந்த அன்றே, பஸ் கூரையில் ஆடிய மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில், திருத்தணிப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து படித்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இன்னொரு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் இறந்தார். இதை இளமைத் துடிப்பு என்று சொல்லி மழுப்ப முடியாது. படிக்க வந்த பிள்ளையின் கொலை இது.

இந்தப் பாதைகளின் மாணவர் கதை செய்தித்தாளின் குற்றப் பக்கத்தில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. மின்பாதைக்கு முன்னால் பாசஞ்சரில் போய்ப் பட்டம் வாங்கி, ஆசிரியராகவும் அரசு ஊழியராகவும் ஓய்வுபெற்றவர்கள் பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் இன்னும் இருக்கிறார்கள். வயது எழுபதை ஒட்டியிருக்கும். இந்த செமஸ்டர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் வரலாற்றுத் துறைத் தம்பி தங்கைகள், அவர்களில் நாலு பேரிடமாவது உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள். போக வர சீசன்தான் கையில் இருக்கிறதே.