நாளிதழ்ப் பட்டையிலிருந்து தொகுப்பு நூலுக்கு: தமிழில் துப்பறியும் சித்திரத் தொடர்களின் மறுபதிப்பு வரலாறு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க, பிரித்தானிய நாளிதழ்களில் நாள்தோறும் மூன்று நான்கு கட்டங்களாக வெளிவந்த துப்பறியும் சித்திரத் தொடர்கள் இன்று முழுத் தொகுப்புகளாக மறுபதிப்புக் காண்கின்றன. அத்தொடர்களுள் பல 1970களிலிருந்து சிவகாசி, சென்னைப் பதிப்பகங்களின் வழியே தமிழுக்கு வந்து, இங்கும் தொகுப்பு நூல்களாகின்றன. மறுபதிப்பு பழைய படைப்பைப் பாதுகாக்கும் பணி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அது பாதுகாப்பதோடு சிலவற்றை நீக்கவும் செய்கிறது. தமிழ் வெகுசன வாசிப்பை ஆராய்வோர் இத்தொகுப்புகளை முதன்மைச் சான்றாகக் கொள்ளும்போது எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாளிதழ்த் தொடரின் வடிவம்

செஸ்டர் கூல்ட் படைத்த 'டிக் ட்ரேசி' 1931 அக்டோபரில் தொடங்கியது. 1934 ஜனவரியில் டாஷியல் ஹாமெட் எழுத, அலெக்ஸ் ரேமண்ட் வரைந்த 'சீக்ரெட் ஏஜெண்ட் எக்ஸ்-9' வெளிவந்தது. ரேமண்டே 1946 மார்ச்சில் 'ரிப் கிர்பி'யைத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடியும் புகைக்குழாயுமாக, முட்டியைவிட மூளையை நம்பும் துப்பறிவாளராகக் கிர்பி அமைந்தார். அவருடைய பணியாளர் டெஸ்மாண்ட் முன்னாள் திருடர். 1956 செப்டம்பரில் கார் விபத்தில் ரேமண்ட் இறந்தபின் ஜான் பிரெண்டிஸ் அத்தொடரை 1999 வரை வரைந்தார். எக்ஸ்-9 தொடரை 1967 முதல் ஆர்ச்சி குட்வின் எழுத, ஆல் வில்லியம்சன் வரைந்தார். அக்காலத்தில் அது 'காரிகன்' என்னும் பெயர் பெற்றது.

இத்தொடர்களின் கதையமைப்பை நாளிதழே தீர்மானித்தது. ஒவ்வொரு நாளின் முதற்கட்டமும் முந்தைய நாளின் செய்தியைச் சுருக்கமாக நினைவூட்டும்; இறுதிக் கட்டம் மறுநாளுக்கான ஆவலை எழுப்பி நிற்கும். ரிப் கிர்பி ஞாயிறு நீங்கலாக வாரம் ஆறு நாள் வந்தது. அவ்வகையில் பத்து வாரம் நீளும் கதை அறுபது பட்டைகளைக் கொண்டது. அறுபது முறை நினைவூட்டி, அறுபது முறை நிறுத்திச் சொல்லப்பட்டது. பட்டையின் ஓரத்தில் அன்றைய தேதியும் விநியோக நிறுவனத்தின் உரிமைக் குறிப்பும் சிறிய எழுத்தில் இருக்கும். கதையின் காலத்தை உறுதிசெய்ய ஆய்வாளருக்குக் கிடைக்கும் நேரடிச் சான்று அதுவே.

தமிழில் ஏற்கெனவே இருந்த களம்

இத்தொடர்கள் தமிழுக்கு வந்தபோது துப்பறியும் கதைக்கு இங்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மரபு இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்களும், தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளும் பெரிய வாசகப் பரப்பை உருவாக்கியிருந்தன. திரைப்படமும் இதற்குத் துணைநின்றது. சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்திருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'வல்லவன் ஒருவன்' (1966), 'இரு வல்லவர்கள்' (1966) ஆகிய படங்களைத் தயாரித்தது. 'வல்லவன் ஒருவன்' படத்தில் ஜெய்சங்கர் துப்பறியும் அதிகாரியாக நடித்தார். உளவாளி, இரகசியக் கும்பல், மாறுவேடம் ஆகியவற்றின் காட்சிமொழி படக்கதை வருவதற்கு முன்பே தமிழ்ப் பார்வையாளருக்குப் பழகியிருந்தது என்பதற்கு இப்படங்கள் சான்று. ஏற்காட்டுச் சாலையின் படப்பிடிப்புத் தளமும் சிவகாசியின் அச்சகமும் ஒரே பண்பாட்டுச் சூழலின் இரு முனைகள் எனலாம்.

தமிழ்ப் பதிப்புகள்

டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், அமெரிக்க நாளிதழ்த் தொடர்களைத் தனி இதழ்களாக்கி இந்திய மொழிகளில் தரும் முறைக்கு முன்னோடியாயிற்று. 1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. அது பிரித்தானிய வார இதழொன்றிலிருந்து பெறப்பட்டது. பின்னர் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன் ஆகிய நாளிதழ் நாயகர்கள் முத்து காமிக்ஸின் வழியே தமிழ் பேசினர். 1984 இரு புதிய தொடக்கங்களைக் கண்டது. எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்ட லயன் காமிக்ஸ், லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் 1963இல் தொடங்கிய 'மாடஸ்டி பிளைசி'யின் கதையை முதல் இதழாக்கியது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் 1958 முதல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் தொடரிலிருந்து தன் முதல் இதழை அமைத்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அமெரிக்க வாசகர் கிர்பியின் கதையை வாரக்கணக்கில் காத்திருந்து படித்தார். தமிழ் வாசகர்களுள் மிகப் பெரும்பாலோர் அதை ஒரே அமர்வில் படித்து முடிக்கும் புத்தகமாகவே முதன்முதலில் அறிந்தனர். நாள்தோறும் காத்திருக்கும் அனுபவத்தைத் தமிழில் தந்தது 1960 முதல் தினத்தந்தியில் வெளிவரும் 'கன்னித்தீவு' போன்ற தொடரே. அது துப்பறியும் கதையன்று. ஆகவே துப்பறியும் நாளிதழ்த் தொடரைப் பொறுத்தவரை, மூலமொழியில் மறுபதிப்பாகக் கொள்ளத்தக்க நூல்வடிவமே தமிழில் முதற்பதிப்பு. இன்றைய தமிழ்த் தொகுப்புகளில் மீண்டும் வரும் கதைகள் மறுபதிப்பின் மறுபதிப்புகளாகின்றன.

வடிவமாற்றத்தின் விளைவுகள்

கிடைமட்டமான பட்டை நெடிய சிறு பக்கத்துக்கு மாறும்போது கட்டங்கள் பிரித்து அடுக்கப்படுகின்றன. பக்க அளவுக்கேற்பச் சில கட்டங்களின் ஓரம் வெட்டப்படும்; சிலவற்றின் பின்னணி நீட்டி வரையப்படும். முந்தைய நாளை நினைவூட்டும் வாசகம் புத்தகத்தில் தேவையற்றதாகி நீக்கப்படலாம். தேதியும் உரிமைக் குறிப்பும் மறையலாம். ஆங்கில உரைக்கென அளந்து விடப்பட்ட பேச்சுக்குமிழில் தமிழ்த் தொடரை அடக்கச் சுருக்கமும் தேவைப்படும்.

இவற்றுள் தேதி மறைவதே வரலாற்றாய்வை மிகுதியும் பாதிக்கிறது. ரிப் கிர்பியின் 1940களின் கதையும் 1960களின் கதையும் அடுத்தடுத்த மாதங்களில் தமிழில் வெளிவர இடமுண்டு. முன்னது போர் முடிந்த அமெரிக்காவின் உடை, நகரம், குற்ற அச்சம் ஆகியவற்றைக் காட்டுவது. பின்னது வேறொரு தலைமுறையின் உலகம். முன்னது ரேமண்டின் கோடு. பின்னது பிரெண்டிஸின் கோடு. ஓவியர் பெயரும் ஆண்டும் இல்லாதவிடத்து இவ்விரண்டும் ஒரே காலப் படைப்புகளாகத் தோன்றும். அவற்றைக் கொண்டு 1970களின் தமிழ் வாசகர் கண்ட 'நவீன மேலைநாடு' எத்தகையது என முடிவுகட்டுவது பிழைக்கு இடந்தரும்.

பெயர் மாற்றம் இரண்டாவது இடர்ப்பாடு. முத்து காமிக்ஸில் 'வேதாளர்' எனப்பட்ட முகமூடி நாயகர் ராணி காமிக்ஸில் 'மாயாவி' ஆனார். முத்து காமிக்ஸின் 'மாயாவி'யோ இரும்புக்கை கொண்ட வேறொருவர். நூலகப் பட்டியலில் 'மாயாவி' என்று தேடுவோர் இருவேறு நாடுகளின் இருவேறு பாத்திரங்களை ஒன்றாக எண்ணும் வாய்ப்பு உண்டு.

இருவகைத் தொகுப்புகள்

மேலைநாட்டு மறுபதிப்புகள் பெரும்பாலும் காலவரிசை முறையைப் பின்பற்றுகின்றன. 2006இல் தொடங்கிய டிக் ட்ரேசி முழுத்தொகுப்பு, கூல்ட் 1977இல் ஓய்வுபெறும் வரையிலான பட்டைகளை 29 தொகுதிகளில் தந்தது. மாடஸ்டி பிளைசி தொடர் 2004 முதல் 2017 வரை 30 தொகுதிகளாக வந்தது. காலவரிசைத் தொகுப்பில் ஒரு கருத்தின் வளர்ச்சியைத் தேதியுடன் காணலாம். டிக் ட்ரேசியின் கைக்கடிகார வானொலி 1946 ஜனவரியில் அறிமுகமானது என்று உறுதியாகக் கூற முடிவது பட்டைகளின் தேதி காக்கப்பட்டதனாலேயே.

தமிழ்த் தொகுப்புகள் நாயகரை மையமாகக் கொண்டவை. முத்து காமிக்ஸ் பொன்விழாக் கண்ட 2022ஆம் ஆண்டில் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன் ஆகியோரின் கதைகள் தனித்தனித் தொகுப்புகளாக வெளியிடப்பட்டன. இளமையில் படித்த நாயகரை மீண்டும் காண விழையும் வாசகரே இவற்றின் முதன்மை ஆதரவாளர். அவ்விழைவு இல்லையெனில் இக்கதைகள் தமிழில் மீண்டும் அச்சேறியிரா. எனினும் வாசகரின் நினைவுக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் முறை, நினைவில் நிற்காத கதைகளை வெளியே விட்டுவிடுகிறது. எவை விரும்பப்படவில்லை, ஏன் என்பதும் வாசிப்பு வரலாற்றின் கேள்வியே. அதற்குத் தொகுப்பு விடை தராது, பழைய தனி இதழ்களே தரும்.

அவ்விதழ்கள் படித்துக் கைமாறி, பழைய தாள் கடைக்குச் சென்ற பொருள்கள். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி தனியார் சேகரிப்பில் உள்ளது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நூல்களைப் பெறும் கன்னிமாரா பொது நூலகமும், 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இத்துறையில் இயல்பான இணைவிடங்கள். சேகரிப்பாளரிடமுள்ள இதழ்களின் எண்மப் படிகளை இத்தகைய நிறுவனங்கள் பெற்றுப் பட்டியலிடுதல் காலந்தாழ்த்தத்தக்க பணியன்று. மலிவான தாளின் ஆயுள் குறைவு.

முடிவுரை

மறுபதிப்புத் தொகுப்பு ஒரு கதையின் மூன்று காலங்களை ஒன்றாக்கிவிடுகிறது: பட்டை வெளிவந்த காலம், தமிழ் இதழ் வெளிவந்த காலம், தொகுப்பு வெளிவந்த காலம். இவற்றைப் பிரித்தறிய, ஒவ்வொரு கதைக்கும் மூலத் தலைப்பு, மூல நாளிதழ் அல்லது விநியோக நிறுவனம், பட்டைகளின் தொடக்க, முடிவுத் தேதிகள், எழுத்தாளர், ஓவியர், முதல் தமிழ் இதழின் எண்ணும் ஆண்டும், தமிழில் மாற்றப்பட்ட பெயர்கள் ஆகியவை அடங்கிய பதிவு தேவை. பதிப்பாளர் தொகுப்பின் இறுதியில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கினாலே போதுமானது. மூலமொழியின் முழுத்தொகுப்புகள் இன்று கிடைப்பதால் பெரும்பாலான தமிழ்க் கதைகளுக்குத் தேதி குறிப்பது இயலும் செயலாகியுள்ளது. தமிழ் இதழ்களும் மறைந்துபோகுமாயின் ஒப்பிடுவதற்கு ஒரு பக்கம் மட்டுமே எஞ்சும். அப்போது கிர்பி அமெரிக்காவில் எவ்வாறு படிக்கப்பட்டார் என்பது தெரியும். தமிழில் எவ்வாறு படிக்கப்பட்டார் என்பது தெரியாமற் போகும்.